வடக்கு நடைவழியில் நாற்பது நிமிடம்

2071 நவம்பர் 12, 14:00
மூன்றாம் அலகு, தெற்கு வால்வு அறை

தொட்டி மட்டம் 11.4 மீட்டர். தண்ணீர் வெப்பம் 29. வால்வுகள் மூடிய நிலை. கசிவு இல்லை.

ஷிஃப்டை ஏற்றுக்கொண்டது: மி. ஜெனிட்டா, ஒப்பந்த உதவியாளர். வடக்குப் பக்கம்: சூசை, ஒப்பந்த ஃபிட்டர்.

இதைத் திறந்து படிப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. பழைய விதி ஒன்றை நீக்க மறந்துபோனதால்தான் இந்தக் காகிதப் பதிவேடு இன்னும் இருக்கிறது. மற்றப் பதிவெல்லாம் மையத்துக்குப் போகிறது. மையம் இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டர். அங்கே உட்கார்ந்து ஒன்பது உலைகளை ஓட்டுகிறார்கள். இங்கே உலைக்குப் பக்கத்தில் ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு பேர், இருவரும் ஒப்பந்தம். வாசலில் ஒரு சூப்பர்வைசர், இரண்டு காவலர்கள். நிரந்தர ஊழியர் ஒருவரை நான் கடைசியாகப் பார்த்தது அவருடைய பணி ஓய்வு விழாவில்.

வெளியே காற்று கூடுகிறது. புயல் நாளை காலை கரை கடக்கும் என்கிறார்கள். மதியம் எலுமிச்சைச் சோறு, அவித்த முட்டை. வேறு குறிப்பு இல்லை.

நவம்பர் 13, 06:40

எங்களை மாற்ற வேண்டிய ஷிஃப்ட் வரவில்லை. கடற்கரைச் சாலை தண்ணீருக்குள் போய்விட்டது. நானும் சூசை அண்ணனும் இருந்த இடத்திலேயே இருக்கிறோம்.

05:52-க்கு வெளி மின்சாரம் போனது. உலை தானாக நின்றது. அது நல்ல செய்தி. டீசல் ஜெனரேட்டர் இரண்டிலும் கடல் புகுந்துவிட்டது. அது கெட்ட செய்தி. உலையை நிறுத்தினாலும் எரிபொருள் நாட்கணக்கில் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டை எடுக்கப் பம்ப் ஓட வேண்டும். பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கும்.

மையத்தில் பேசுபவர் அச்யுதன், பணிப் பொறியாளர். கோயம்புத்தூர்ப் பேச்சு. இரண்டு வருடமாகக் குரல் தெரியும், முகம் தெரியாது.

அச்யுதன்: “பதட்டப்படாதீங்க ஜெனிட்டா. சிஸ்டம் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தானுங்க இருக்குது.”

பார்ப்பதில் அதற்கு ஒரு குறையும் இல்லை.

நவம்பர் 13, 09:30

பேட்டரி 08:55-க்குத் தீர்ந்தது. செயற்கைக்கோள் தொலைபேசியும் என் அறையின் சின்னத் திரையும் தனி பேட்டரியில் ஓடுகின்றன. வாக்கிடாக்கி வேலை செய்கிறது. மற்றதெல்லாம் இருட்டு. நெற்றி விளக்கில் எழுதுகிறேன்.

உலைக்கலத்தில் தண்ணீர் கொதித்து வற்றுகிறது. மதியத்துக்குள் எரிபொருள் உருகிவிடும். உருகிய குழம்பு கலத்தின் அடியை ஓட்டை போட்டுக்கொண்டு கீழே விழும்.

அதைப் பிடிக்கத்தான் கீழே சட்டி. கட்டியவர்கள் அதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வாயில் சட்டிதான். இரண்டு மாடி உயர எஃகுப் பாத்திரம். உள்ளே இரும்பு ஆக்சைடும் அலுமினாவும் சேர்ந்த கற்கள். விழும் குழம்பு அந்தக் கற்களைத் தின்னும். தின்னத் தின்ன நீர்த்துப்போகும், சூடு ஒரே இடத்தில் நிற்காமல் பரவும். அந்த நேரத்தில் சட்டியைச் சுற்றியுள்ள அகழியில் தண்ணீர் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சட்டியும் உருகும். அதன் அடியில் கான்கிரீட், அதற்கும் அடியில் மணல், மணலில் ஊற்று. பக்கத்தில் கூட்டப்பாறை, எங்கள் ஊர். ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் புயலுக்குப் பயந்து பள்ளிக்கூடத்தில் அடைந்து கிடக்கிறார்கள். சாலை இல்லை, பஸ் இல்லை.

இரண்டாவது தண்ணீர் சட்டிக்குள் மேலிருந்து ஊற்ற வேண்டியது. அதற்கு அவசரம் கூடாது. முதலில் உருகிய உலோகம் மேலே கிடக்கும். அதன்மேல் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பி வெடிக்கும். கற்களைத் தின்று லேசான ஆக்சைடு மேலே வந்து, உலோகம் அடிக்குப் போன பிறகுதான் ஊற்றலாம்.

கட்டியபோது இதெல்லாம் தானாக நடக்கும்படிதான் செய்திருந்தார்கள். சூடு பட்டால் உருகித் திறந்துகொள்ளும் அடைப்புகள் இருந்தன. மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். உலைகளைத் தொலைவிலிருந்து ஓட்டும் திட்டம் வந்தபோது அவற்றைக் கழற்றிவிட்டு, மையம் சொன்னால் திறக்கும் மோட்டார் வால்வுகளைப் போட்டார்கள். கட்டுப்பாடு ஒரே இடத்தில் இருக்க வேண்டுமாம். இப்போது மையம் சொல்கிறது. மோட்டாருக்கு மின்சாரம் இல்லை.

ஆகவே கை வேண்டும். இங்கே நான்கு கைகள் இருக்கின்றன.

நவம்பர் 13, 12:10

அகழி வால்வு வடக்கு நடைவழியின் கோடியில் இருக்கிறது. சூசை அண்ணன் 12:08-க்கு உள்ளே போனார். அவருக்கு ஐம்பத்துநான்கு வயது. இந்த வால்வுகளில் பாதியை அவர்தான் பிரித்துப் பூட்டியிருக்கிறார். நான் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அந்தச் சக்கரத்தைத் திருப்பும் தோள் எனக்கு இல்லை என்றார். உண்மைதான்.

அச்யுதன்: “நடைவழி சென்சார் எல்லாம் போயிடுச்சுங்க. ஆனா சிஸ்டம் கணக்குப் போட்டிருக்குது. மணிக்கு நூத்தைம்பது மில்லி. விபத்து நேர வரம்பு நூறு. ஆக நாப்பது நிமிஷம் தாராளமா இருக்கலாமுங்க.”

மில்லி என்பது மில்லிசீவர்ட். உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அளவு.

நான் அதை வாக்கிடாக்கியில் அப்படியே படித்தேன். நாற்பது நிமிடம், அண்ணே.

சூசை: “நாப்பது நிமிசமா? எம் பொஞ்சாதி பூசைக்குச் சேலை கட்டுத நேரம் பிள்ள அது. அதுக்குள்ள ரெண்டு வால்வு தொறந்துருவேன்.”

நவம்பர் 13, 12:45

ஒரு தவறு நடந்துவிட்டது. அதில் என் பங்கை எழுதுகிறேன்.

12:25-க்கு, வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, சென்சார் இல்லாமல் சிஸ்டம் எப்படிக் கணக்குப் போட்டது என்று யோசித்தேன். அச்யுதனைக் கேட்டேன். உலைக் கூடத்தில் ஒரு சென்சார் இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே இருக்கும் கதிர்வீச்சில் எவ்வளவு பங்கு சுவரைத் தாண்டி நடைவழிக்கு வரும் என்பதைச் சிஸ்டம் பழைய பதிவுகளிலிருந்து கற்றிருக்கிறது. பதினோரு வருடம் அந்த நடைவழியில் வேலை செய்தவர்களின் பேட்ஜ் பதிவுகள், உடம்பு வாங்கும் அளவை எண்ணும் பேட்ஜ். லட்சக்கணக்கான எண்கள்.

அந்த எண்கள் பொய். பொய் சொன்னது நாங்கள்.

நடைவழியின் வெளிக்கதவுக்குப் பக்கத்தில் சுவரில் வரிசையாக ஆணிகள் இருக்கின்றன. உள்ளே போகும் ஒப்பந்த ஆட்கள் எல்லோரும் பேட்ஜைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவோம். பேட்ஜில் பதினைந்து மில்லி ஏறினால் வாசல் கதவு அந்த வருடம் முழுவதும் நமக்குத் திறக்காது. நிரந்தர ஊழியர்கள் இருந்த காலத்தில் அளவு ஏறினால் அவர்களை வேறு வேலையில் உட்கார வைத்தார்கள். எங்களை வீட்டில் உட்கார வைத்தார்கள். அப்புறம் ஒரு சூப்பர்வைசர் வந்தார், நல்லவர், எங்கள் கஷ்டம் புரிந்தவர். ஆணிகளை அடித்தது அவர்தான். முதல் நாள் வேலைக்கு வரும் ஆளுக்குத் தலைக்கவசம் எங்கே என்று காட்டுவதற்கு முன்னால் ஆணி எங்கே என்று காட்டுவோம். என் பேட்ஜும் அங்கேதான் தொங்குகிறது.

போன வருடம் ஒரு நாள், சும்மா தெரிந்துகொள்ள, பாதுகாப்பு அறையிலிருந்து கதிர்வீச்சு அளக்கும் ஒரு பேனா மானியைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுபோனேன். ஆணியில் இருந்த பேட்ஜ் 0.2 காட்டியது. பேனா 4 காட்டியது. இருபது மடங்கு. நான் இயற்பியல் படித்தவள். அந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிப் பார்த்துவிட்டுக் கழுவிவிட்டேன்.

சிஸ்டம் நூற்றைம்பது என்றால் நடைவழியில் மூவாயிரம். விபத்தில் அது இன்னும் கூடலாம், குறையலாம். வேறு எண் என்னிடம் இல்லை. நாற்பது நிமிடம் என்பது இரண்டு நிமிடம்.

12:30-க்குக் கூப்பிட்டேன்.

நான்: “அண்ணே, வெளிய வாங்க. அந்தக் கணக்கு தப்பு. பேட்ஜ் வச்சுப் போட்ட கணக்கு.”

சூசை: “தெரியும் பிள்ள.”

நான்: “தெரியுமா?”

சூசை: “நானும்தான பதினோரு வருசமா ஆணியில மாட்டுதேன். இன்னைக்கு மொத மொறையா எடுத்து நெஞ்சுல குத்திட்டு வந்தேன். என்னதான் காட்டுதுன்னு பாப்பமேன்னு. இப்பத்தான் மூணு ஒம்போது காட்டிட்டு நின்னுபோச்சு. அதுக்கு மேல அதுக்கு எண்ணத் தெரியாது போல.”

நான்: “வாங்கண்ணே. இப்ப வந்துருங்க.”

சூசை: “சக்கரம் கால்வாசி வந்திருக்கு. விட்டுட்டு வந்தா அடுத்தாப்ல யாரு, நீயா? பேசாம இரு. மூச்சு வாங்குது.”

நவம்பர் 13, 13:40

13:03. அகழி வால்வு திறந்தது. சூசை அண்ணன் வடக்கு அறைக்குத் திரும்பிவிட்டார். உள்ளே ஐம்பத்தைந்து நிமிடம்.

13:31. தரை அதிர்ந்தது. சத்தம் பெரிதாக இல்லை. கலத்தின் அடி விட்டுவிட்டது. குழம்பு இப்போது சட்டியில்.

அகழியில் தண்ணீர் நிற்கிறது. ஆவி வருகிறது. சட்டியின் வெளிச்சுவர் 118 டிகிரி. தாங்குகிறது.

நவம்பர் 13, 14:55

அச்யுதனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆணி, பேனா, இருபது மடங்கு. சூசை அண்ணனின் பேட்ஜ் மையத்துக்கு அனுப்பிய எண்ணைப் பார்க்கச் சொன்னேன். 999.

எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு பதில்.

அச்யுதன்: “சிஸ்டம் அந்த ரீடிங்கைத் தள்ளிடுச்சுங்க. பதினோரு வருஷ சராசரியோட ஒத்துப்போகலையாம். பேட்ஜ் பழுதுன்னு குறிச்சிருக்குது.”

நான்: “சார், பேட்ஜ் சரி. சராசரிதான் பழுது.”

அச்யுதன்: “எனக்குப் புரியுதுங்க. நான் நம்பறேன். ஆனா நான் எழுதினா மட்டும் ஏத்துக்காதுங்க. பதிவு எல்லாம் பொய்யின்னு ஒரு விசாரணை வெச்சு, கையெழுத்து ஆகி…”

நான்: “நீங்க ஒண்ணு மட்டும் செய்யுங்க. எல்லாரும் கேக்குற சேனல்ல உங்க வாயால சொல்லுங்க. இருபதால பெருக்குங்கன்னு.”

அச்யுதன்: “மூணு மணிக்கு என் ஷிஃப்ட் முடியுதுங்க ஜெனிட்டா. அடுத்து வர்றவங்ககிட்டச் சொல்லிட்டுப் போறேன்.”

இரண்டு வருடமாகக் கேட்ட குரல். சாப்பிட்டாச்சா என்று தினமும் கேட்கும்.

நவம்பர் 13, 16:50

அடுத்த ஆள் ஒரு பெண். பெயர் சொல்லவில்லை. இருபது மடங்கு பற்றிக் கேட்டேன். அப்படி எந்தக் குறிப்பும் இல்லை என்றார்.

16:20. குழம்பு புரண்டுவிட்டது என்று சிஸ்டம் சொன்னது. இதை நம்பலாம். சட்டிச் சுவரில் பதித்த கம்பிகளின் வெப்பத்தை வைத்துச் சொல்கிறது, அந்தக் கம்பிகளை யாரும் ஆணியில் மாட்டவில்லை.

16:26. என் அறையிலிருக்கும் மேல்நீர் வால்வை நான் திறந்தேன். இரண்டு சுற்று. குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம், பிறகு சுவருக்கு அப்பால் ஒரு சீற்றம். பத்து நிமிடம் நிற்கவே இல்லை. நான் சுவரில் முதுகை வைத்துக்கொண்டு வெடிப்புக்குக் காத்திருந்தேன். வெடிக்கவில்லை.

இனி வேலை இதுதான். வால்வை அதிகம் திறந்தால் தொட்டி எட்டு மணி நேரத்தில் காலி. குறைத்தால் சட்டி வறண்டு குழம்பு மறுபடி தலையெடுக்கும். சட்டியின் சூடு குறையக் குறைய, மணிக்கு ஒரு முறை மட்டம் பார்த்து வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூட வேண்டும். பம்ப் வண்டி வரும் வரை. அது வெளிச்சுவரில் உள்ள இணைப்பில் குழாய் மாட்டித் தண்ணீர் தரும், யாரும் உள்ளே வர வேண்டாம். சாலை போடுகிறார்கள். நாளை இரவு எட்டு மணிக்குள் வரும் என்கிறார்கள்.

எனக்கு வெளியேற வழி இரண்டு. ஒன்று வடக்கு நடைவழி. இன்னொன்று கீழே இறங்கும் தெற்குப் படிக்கட்டு, பதினான்கு படிகள், எல்லாவற்றையும் கடல் மூடியிருக்கிறது.

இந்த அறைக்குச் சிஸ்டம் சொல்வது மணிக்கு மூன்று மில்லி. நான் அறுபது என்று எழுதிக்கொள்கிறேன்.

நவம்பர் 13, 18:05

சூசை அண்ணன் மூன்று மணியிலிருந்து வாந்தி எடுத்தார். வாசலுக்குப் போகச் சொன்னேன். 17:40-க்கு அங்கிருந்து பேசினார்.

சூசை: “பேட்ஜ் பாக்குத இயந்திரத்துக்கு முன்னால நிக்க வச்சாவ பிள்ள. ‘பேட்ஜ் பழுது, கணக்கிட்ட அளவு நூத்து முப்பத்தேழு, ஓய்வு தேவை’ன்னு சீட்டு வந்திச்சு. வீட்டுக்குப் போவச் சொல்லிட்டாவ.”

நான்: “ஆஸ்பத்திரிக்குண்ணே?”

சூசை: “சீட்டுல அப்படிப் போடலியாம். நடந்துதான் போணும். தண்ணி இடுப்பளவுதான்.”

நான்: “அண்ணே, நான்தான் நாப்பதுன்னு படிச்சேன்.”

சூசை: “நீ படிக்கலன்னா வேற எவனாவது படிச்சிருப்பான். சாப்பாடு வச்சிருக்கியா? …இந்தா, வாக்கிடாக்கியத் திருப்பிக் கேக்காவ. கம்பெனிச் சொத்தாம். வைக்கேன் மக்கா.”

அதற்குப் பிறகு அந்தச் சேனலில் ஒன்றும் இல்லை. அவ்வப்போது பொத்தானை அழுத்தி விடுகிறேன். கரகரப்பு வருகிறது. அதுகூட ஏதோ ஒன்று.

நவம்பர் 14, 06:30

மணிக்கு ஒரு முறை திருப்பினேன். தவறவில்லை. தொட்டி 5.1. சட்டிச் சுவர் 111.

நான்கு மணியிலிருந்து குமட்டல். மிச்சம் வைத்த முட்டையின் வாடைதான் காரணம் என்று ஒரு மணி நேரம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். என் கணக்கில் இதுவரை எண்ணூறு தாண்டியிருக்க வேண்டும். திரையில் நாற்பத்திரண்டு, இனி மணிக்கு நாலரை வீதம் ஏறுமாம்.

தெற்குப் படிக்கட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். மேலே இரண்டு படி தெரிகிறது. தண்ணீரில் ஒரு செருப்பு மிதக்கிறது. யாருடையது என்று தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேச ஆள் இல்லாவிட்டால் கண் எதையாவது பிடித்துக்கொள்கிறது.

நவம்பர் 14, 09:20

மையத்திலிருந்து செய்தி. அந்தப் பெண்ணின் குரல், எழுதியதைப் படிப்பது போல.

மையம்: “பணியாளர் ஜெனிட்டா அவர்களே, தொடர்ந்து முப்பத்தாறு மணி நேரத்துக்கு மேல் ஒருவரைப் பணியில் வைத்திருப்பது தொழிலாளர் விதிகளுக்கு முரணானது. எனவே பதினோரு மணிக்கு மாற்றுப் பணியாளர்கள் இருவர் வருவார்கள். நீங்கள் வடக்கு நடைவழியாக வெளியேறலாம். அனுமதி நேரம் போதுமானது.”

முதலில் சந்தோஷப்பட்டேன். மறைக்காமல் எழுதுகிறேன். இரண்டு முகம் பார்க்கலாம், படுக்கலாம் என்றுதான் தோன்றியது. அரை மணி நேரம் அப்படியே இருந்தேன். வருகிறவர்கள் எந்த எண்ணை நம்பி வருகிறார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

நவம்பர் 14, 11:25

வந்தது ரெக்ஸன். எங்கள் தெரு. என் அண்ணனோடு பள்ளியில் படித்தவர், இரண்டு பெண் குழந்தைகள். கூட இன்னொருவர், புதிய ஆள். நடைவழியின் வெளிக்கதவில் நின்று வாக்கிடாக்கியில் கூப்பிட்டார்.

ரெக்ஸன்: “ஏட்டி ஜெனி, உள்ள இருந்து ஓவர்டைம் அடிக்கியோ? போதும், எழும்பு. நாங்க வந்தாச்சு.”

நான்: “எத்தன நிமிசம்னு சொன்னாவ?”

ரெக்ஸன்: “நாப்பது. நாங்க இருவத்தஞ்சுல தாண்டிருவோம்.”

நான்: “பேட்ஜ் எங்க?”

ரெக்ஸன்: “ஆணியிலதான். உள்ள கொண்டுபோனாப் பழுதாவுதாம்லா, சூசை அண்ணனுக்கு ஆன மாதிரி. இனிமே வெளிய மாட்டிட்டுத்தான் போவணும்னு மையத்துலருந்து எழுத்துலயே உத்தரவு வந்திருக்கு.”

பதினோரு வருடம் வாய்ப்பேச்சாக இருந்தது. இன்று சட்டமாகிவிட்டது.

அந்த வெளிக்கதவைத் தண்ணீர் புகாமல் இறுக்கும் சக்கரம் என் அறையில் இருக்கிறது. அதை இறுக்கிவிட்டால் வெளியிலிருந்து திறக்க முடியாது. பேசிக்கொண்டே இறுக்கினேன். ஆறு சுற்று. கடைசிச் சுற்றுக்கு முழு உடம்பையும் போட வேண்டியிருந்தது.

ரெக்ஸன்: “ஏ, கதவு வரமாட்டேங்கு. என்ன செய்த?”

நான்: “பூட்டிட்டேன். வராதீங்க.”

ரெக்ஸன்: “வெளையாடாத. சூப்பர்வைசர் நிக்காரு. தொற.”

நான்: “சூசை அண்ணன் வீட்டுக்குப் போங்க. அவரப் பாருங்க. பாத்துட்டு வந்து தொறக்கச் சொன்னீங்கன்னா தொறக்கேன்.”

பின்னால் வாசல் சூப்பர்வைசரின் குரல். என்னைப் பற்றி ஒரு வார்த்தை. அதை எழுதவில்லை.

11:15. தவறவிடாமல் திருப்பினேன். தொட்டி 3.2.

நவம்பர் 14, 13:30

மையம் அறிவிக்கிறது: பணியாளர் ஒத்துழைக்க மறுப்பு, மாற்றுப் பணிக்கு இடையூறு, நடவடிக்கைக்குரியது.

சரி.

வாந்தியில் இப்போது தண்ணீர்தான். தோலில் எரிச்சல், வெயிலில் கிடந்தது போல. சட்டிச் சுவர் 107. என்னைவிட நன்றாக இருக்கிறது.

13:20-க்கு ரெக்ஸன்.

ரெக்ஸன்: “பாத்தேன்.”

நான்: “எப்படி இருக்காரு?”

  

ரெக்ஸன்: “நான் எல்லார்ட்டயும் சொல்லுதேன் ஜெனி. ஒருத்தனும் உள்ள வரமாட்டான். நீ எப்படி…”

அவரிடமிருந்து கருவியைப் பிடுங்கிவிட்டார்கள். அந்தச் சத்தம் கேட்டது.

நவம்பர் 14, 15:30

தொட்டி 1.7. படிக்கட்டில் நான்கு படி தெரிகிறது.

கணக்குப் போட்டேன். மூன்று முறை சரிபார்த்தேன். சட்டியின் சூடு இப்போது குறைந்திருக்கிறது. அடுத்த ஒரு மணி நேரம் இந்தத் திறப்பில் ஓடட்டும். பிறகு அரைச் சுற்று மூடி அப்படியே விட்டுவிட்டால், தொட்டி பத்து மணி வரை தாங்கும். வண்டி எட்டுக்கு வந்தால் இரண்டு மணி நேரம் மிச்சம். அதற்குப் பிறகு இந்த வால்வுக்கு யாரும் தேவையில்லை. இந்த அறைக்கு யாரும் தேவையில்லை.

இந்தப் பக்கத்தை எடுப்பவருக்கு: உள்ளே வருவதற்கு முன் திரையில் என்ன எண் இருந்தாலும் இருபதால் பெருக்குங்கள். உங்கள் அதிகாரி சிரித்தாலும் பெருக்குங்கள். பதினோரு வருடப் பதிவையும் அழித்துவிடுங்கள். அதில் ஒரு எண்கூட உண்மை இல்லை, என் பெயருக்கு நேரே இருப்பது உட்பட. பட்டினிக்குப் பயந்து சொன்ன பொய். அதைக் கேட்டு லாபம் பார்த்தவர்களுக்கு அது பொய் என்று தெரியும்.

நவம்பர் 14, 16:30

அரைச் சுற்று மூடினேன். தொட்டி 1.4. சுவர் 105.

வால்வை விட்டுக் கை எடுத்தேன். சக்கரத்தில் என் உள்ளங்கைத் தோல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றது.

ஐந்து படி. தண்ணீர் இறங்குகிறது.

நவம்பர் 14, 17:35

திரையில் செய்தி. அப்படியே எழுதுகிறேன்.

“பணியாளர் மி. ஜெனிட்டா. மொத்த அளவு 91.4. வரம்பு 100. நிலை: வரம்புக்குள். மருத்துவ உதவி தேவையில்லை. எஞ்சிய அளவு 8.6. ஓய்வுக்குப் பின் நவம்பர் 15, 06:00 பணிக்குத் தகுதி. இடம்: வடக்கு நடைவழி. அனுமதி நேரம்: மூன்று நிமிடம்.”

சிரித்தேன். சிரித்ததில் மூக்கிலிருந்து ரத்தம் வந்து இந்தப் பக்கத்தில் விழுந்திருக்கிறது. மன்னிக்கவும்.

நவம்பர் 14, 18:20

தொட்டி 0.9. சரியாகப் போகிறது.

ஏழு படி. மீதி ஏழில் தண்ணீர். நீந்தத் தெரியும். கூட்டப்பாறையில் யாருக்குத் தெரியாது. கால்தான் சொன்னதைக் கேட்கவில்லை.

பதிவேட்டைப் பிளாஸ்டிக் உறையில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள்கிறேன். வெளியே போனால் இதை நானே கொடுக்கிறேன். இல்லாவிட்டால் என் கழுத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அருகில் அதிக நேரம் நிற்காதீர்கள்.

19:05

ஒன்பது படி. உட்கார்ந்துகொண்டே இறங்கலாம் என்று

19: